சகுரா பாட்டெல்லாம் ஏன் இப்படி அழ வைக்குது? எங்க கச்சோவை வழியனுப்ப ஒண்ணு சொல்லுங்க

கவாகுச்சி_கண்ணன் | திங்கள், இரவு 10:12

வணக்கம் மக்களே. சைத்தாமாவுல இருக்கேன், வந்து ரெண்டரை வருஷம் ஆச்சு. எங்க கச்சோவுக்கு (பிரிவுத் தலைவர்) ஏப்ரல் 1 முதல் ஃபுகுவோகாவுக்கு மாத்தல். வர்ற வெள்ளிக்கிழமை சோபெட்சுகாய், அதான் வழியனுப்பு விருந்து. சாப்பாடு முடிஞ்சதும் கரோக்கே. "கண்ணன்-சான் இந்த வருஷம் ஜப்பான் பாட்டுதான் பாடணும், சீசனுக்குத் தகுந்த மாதிரி சகுரா (செர்ரிப் பூ) பாட்டு"ன்னு என் தலையில கட்டிட்டாங்க. போன வருஷம் நான் ஒரு தமிழ்க் குத்துப்பாட்டைப் பாடினேன். எல்லாரும் ரொம்ப மரியாதையா, தாளம் தப்பாம கை தட்டினாங்க. அதை விடக் கொடுமை வேற இல்ல.

நேத்து ராத்திரி உக்காந்து ஏழெட்டு பாட்டு கேட்டேன். அர்த்தம் பாத்தா எல்லாமே பிரிவு, கண்ணீர், "மறுபடி எப்போ பாப்போம்". ஏங்க, வசந்த காலம்தானே வருது? குளிர் போகுது, பூ பூக்குது, சந்தோஷமா ஒரு பாட்டு இல்லையா?

நிபந்தனைகள்: என் ஜப்பானிஸ் என்4 (மொழித் தேர்வுல கீழேருந்து ரெண்டாவது நிலை) தான். வேகமா வராது. குரல் மேல ஏறாது. கச்சோவுக்கு 54 வயசு, நல்ல மனுஷன், அவரை அழ வைக்கக் கூடாது.

மிகு_ரசிகன் | திங்கள், இரவு 10:20

செம்பொன்சகுரா! யோசிக்கவே வேணாம் ப்ரோ. 2011ல குரோஉசா-பி போட்டது, ஹாட்சுனே மிகுங்கிற கம்ப்யூட்டர் குரல் பாடினது. ஷமிசென், கோத்தோன்னு ஜப்பான் நரம்பு வாத்தியம் எல்லாம் வச்சு வாகக்கி பேண்ட் பாடின பதிப்பு இருக்கு பாருங்க, புல்லரிக்கும். 2015 கோஹாகுல (வருஷக் கடைசி டிவி பாட்டு நிகழ்ச்சி) மூத்த பாடகி கோபயாஷி சச்சிகோவே பாடிட்டாங்க, அப்புறம் என்ன.

யாழினி_ஒசாகா | திங்கள், இரவு 10:31

மிகு_ரசிகன் தம்பி, அவர் "வேகமா வராது"ன்னு எழுதியிருக்கிறதைப் படிச்சீங்களா? அந்தப் பாட்டை ஜப்பான்காரங்களே நாக்கு சுளுக்கிப் பாடறாங்க. பேர்ல ஆயிரம் சகுரா இருக்கு, ஆனா அது வசந்தப் பாட்டே இல்ல. இரும்பு, நீராவி, பழைய காலத்து ஜப்பானைக் கற்பனை பண்ணின ஒரு திருவிழாக் கூச்சல். கச்சோவுக்கு நெஞ்சு வலி வந்துடும்.

கண்ணன், என் ஓட்டு கோபுகுரோவோட "சகுரா"வுக்கு. நான் சொல்றதுல கொஞ்சம் ஊர்ப்பாசம் உண்டு, ஒத்துக்கறேன். ரெண்டு பேரும் ஒசாகா பக்கத்து சாக்காய்ல தெருவுல கித்தார் வாசிச்சுப் பாடினவங்க. கோபுச்சி அப்போ விற்பனைப் பிரதிநிதியா வேலை பாத்துக்கிட்டிருந்தார். குரோதாவுக்கு நல்ல குரல், ஆனா சொந்தப் பாட்டு இல்ல. அவருக்காக எழுதிக் கொடுத்ததுதான் இது. இதுலேருந்துதான் 1998ல ஜோடியே உருவாச்சு. கோபுச்சி, குரோதா, ரெண்டு பேரையும் ஒட்டவெச்சா கோபுகுரோ. தெருவுல பாடின பாட்டு சிங்கிளா வர 2005 நவம்பர் ஆயிடுச்சு. நவம்பர்ல சகுரா பாட்டு வெளியிட்ட ஆளுங்க! ஆனாலும் ஓடுச்சு.

கவாகுச்சி_கண்ணன் | திங்கள், இரவு 10:44

கேட்டேன் யாழினி. நல்லாருக்கு. ஆனா கோரஸ்ல குரோதா ஒரு இழு இழுக்கிறார் பாருங்க, அங்கேயே என் கதை முடிஞ்சுடும். அது ரெண்டு பேர் பாட்டு வேற.

வத்சலா_டோக்கியோ | செவ்வாய், காலை 7:05

கண்ணன் தம்பி, ரயிலில் இருந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கு வந்து 23 வருடம் ஆகிறது. நீங்கள் கேட்ட கேள்வியை நானும் வந்த புதிதில் கேட்டேன். நான் வந்த அந்த 2003 மார்ச்சில் எங்கே திரும்பினாலும் ஒரே பாட்டு: மோரியாமா நவோத்தாரோவின் "சகுரா", "தனிக்குரல்" என்று அடைப்புக்குறியில் போட்டிருக்கும். பியானோவும் ஒரு ஆளும், அவ்வளவுதான். முதலில் 1,200 பிரதிதான் அச்சடித்தார்களாம். பிறகு வாய்மொழியாகவே பரவி ஓரிகான் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது.

ஏன் சோகம் என்றால், பூவை விட்டுவிட்டு நாள்காட்டியைப் பாருங்கள். இங்கே பள்ளிக்கூட ஆண்டும் அலுவலக ஆண்டும் மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகின்றன. எப்போதுமே இப்படி இருந்ததில்லை. மெய்ஜி காலத் (1868–1912) தொடக்கத்தில் செப்டம்பரில் தொடங்கிய பள்ளிகளும் உண்டு. 1886இல் அரசின் நிதியாண்டு ஏப்ரலுக்கு வந்தது, பள்ளிகளும் மெல்ல மெல்ல அதன் பின்னால் வந்துவிட்டன. விளைவு என்ன? பட்டமளிப்பு, மாற்றல், பணி ஓய்வு, வீடு காலி செய்வது எல்லாம் சரியாகச் சகுரா பூக்கிற அந்தப் பத்து நாளில் வந்து விழுகின்றன. உங்கள் கச்சோவின் மாற்றலும் அதே கணக்குத்தான். செப்டம்பரிலேயே பள்ளி தொடங்கியிருந்தால் இவ்வளவு கண்ணீர்ப் பாட்டும் ஜூனில் பூக்கிற ஹைட்ரேஞ்சியாவுக்குப் போயிருக்கும்.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஊரெல்லாம் நட்டிருப்பது சோமேய்-யோஷினோ என்ற ஒரே வகை. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுப் பெருக்கியதால் எல்லா மரமும் ஒரே மரத்தின் நகல். அதனால் ஒரே சமயத்தில் பூத்து ஒரே சமயத்தில் கொட்டுகின்றன. இலை வருவதற்குள் பூ போய்விடும். மரமே அப்படி வாய்த்திருக்கும்போது பாட்டு மட்டும் எப்படிச் சிரிக்கும்?

சப்போரோ_சேரன் | செவ்வாய், காலை 9:40

அக்கா சொல்றது டோக்கியோவுக்குச் சரி. இங்க வந்து பாருங்க. சப்போரோவுல சராசரியா மே 1க்குத்தான் சகுரா மலருது. மார்ச்ல பட்டமளிப்பு நடக்கும்போது வாசல்ல இடுப்பளவு பனி. எங்க ஆய்வகத்துல போன வருஷம் சீனியரை வழியனுப்பும்போது இகிமோனோகாகாரி குழுவோட சகுரா பாட்டு போட்டாங்க, பூ காத்துல ஆடுது ஆடுதுன்னு. ஜன்னலுக்கு வெளிய பனிதான் ஆடிக்கிட்டிருந்துச்சு. ஒகினாவாவுல ஜனவரியிலேயே பூத்துடும். அங்க இருக்கிற கான்ஹிசகுரா இதழ் இதழா உதிராது, முழுப் பூவா சொத்துன்னு விழும். அதை வச்சு யார் பாட்டு எழுதறது?

ஆக இந்த "தேசிய சோகம்" எல்லாம் டோக்கியோ ரெக்கார்டிங் கம்பெனிக்காரங்க நாட்டுக்கே மாட்டிவிட்டது. 2000க்கு அப்புறம்தான் இந்த சகுரா பாட்டு வெள்ளமே. 2000 ஏப்ரல்ல ஃபுகுயாமா மசாஹாருவோட "சகுராசாகா" 20 லட்சத்துக்கும் மேல வித்துச்சு. 2003ல மோரியாமா. 2005 பிப்ரவரியில மட்டும் நகாஷிமா மிகா ஒண்ணு, கெட்சுமெய்ஷி ஒண்ணு. 2006 பிப்ரவரியில ஏகேபி48 முதல் வெளியீடே "சகுராவின் இதழ்கள்", மார்ச்ல இகிமோனோகாகாரி முதல் சிங்கிள். வருஷா வருஷம் பிப்ரவரி-மார்ச்ல ஒரு சகுரா பாட்டு. நம்ம ஊர்ல தீபாவளி ரிலீஸ் மாதிரி.

யாழினி_ஒசாகா | செவ்வாய், காலை 10:02

வியாபாரம்னு சொல்லிட்டா முடிஞ்சுதா சேரன்? இகிமோனோகாகாரி பேருக்கு அர்த்தம் தெரியுமா? ஆரம்பப் பள்ளியில வகுப்புல வளர்க்கிற பிராணிகளைப் பாத்துக்கிற பொறுப்பு. குழுவை ஆரம்பிச்ச பசங்க ரெண்டு பேரும் சின்ன வயசுல அந்தப் பொறுப்புல இருந்தவங்க, அதையே பேரா வெச்சுட்டாங்க. அந்தப் பாட்டுல ஒடாக்கியூ ரயில் ஜன்னல் வருது. அட்சுகி, எபினா பக்கத்துப் பசங்க தினமும் போற ரயில். அதைக் கேட்டு இங்க கான்சாய்ல இருக்கிற எனக்கே தொண்டை அடைக்குது. கம்பெனிக்காரன் ரயில் பேரைச் சொல்லி அழ வைக்க முடியுமா?

சப்போரோ_சேரன் | செவ்வாய், காலை 10:09

அந்தப் பாட்டு என்டிடி தொலைபேசிக் கம்பெனியோட தந்தி விளம்பரத்துல வந்தது. 115க்கு போன் பண்ணித் தந்தி அனுப்புங்கன்னு. நான் ஒண்ணும் சொல்லலப்பா.

வத்சலா_டோக்கியோ | செவ்வாய், மதியம் 12:31

தந்தி விளம்பரத்துக்குச் சகுரா பொருத்தம்தான் சேரன். ஒரு காலத்தில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு முடிவே தந்தியில் வரும். தேறினால் "சகுரா பூத்தது", தவறினால் "சகுரா உதிர்ந்தது". பெற்றோர் அந்த ஒரு வரிக்காக வாசலில் நின்றிருப்பார்கள்.

மிகு_ரசிகன் | செவ்வாய், மதியம் 1:15

சரி செம்பொன்சகுரா வேணாம். யமசாகி மசயோஷியோட "ஒன் மோர் டைம், ஒன் மோர் சான்ஸ்"? நொடிக்கு 5 சென்டிமீட்டர் படத்துல கடைசியா வருமே. மெதுவான பாட்டு. சகுராவும் வரும்.

யாழினி_ஒசாகா | செவ்வாய், மதியம் 1:22

தம்பி, அதுல வர்றது சகுராகிச்சோ. யோகோஹாமாவுல ஒரு ஸ்டேஷன். 😂

மிகு_ரசிகன் | செவ்வாய், மதியம் 1:25

நாலு வருஷமா அது ஏதோ மரத்தடின்னு நெனச்சிட்டிருந்தேன். யாரும் என்னைப் பாக்காதீங்க.

பழைய_ரேடியோ | செவ்வாய், மாலை 6:50

இளைஞர்கள் சண்டையில் கிழவன் நுழைவதற்கு மன்னிக்கவும். மகன் வீட்டில், யோகோஹாமாவில் மூன்று மாதமாக இருக்கிறேன். (சகுராகிச்சோ இங்கிருந்து நான்கு நிறுத்தம். மரத்தடி ஒன்றும் இல்லை, நானே பார்த்துவிட்டேன்.)

எல்லாரும் புதுப் பாட்டையே பேசுகிறீர்கள். எல்லாவற்றுக்கும் பாட்டி ஒருத்தி இருக்கிறாள், "சகுரா சகுரா". எடோ காலத்தில் (1868க்கு முன்) கோத்தோ கற்கும் பிள்ளைகளுக்கான பயிற்சிப் பாட்டு. நம்முடைய சரளி வரிசை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1888இல் டோக்கியோ இசைப் பள்ளி வெளியிட்ட கோத்தோ இசைத் தொகுப்பில் அச்சேறியது. 1904இல் புச்சினி தன் "மேடம் பட்டர்ஃப்ளை" இசைநாடகத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டார். வரிகளில் சோகம் எங்கேயாவது இருக்கிறதா என்று மருமகளைக் கேட்டேன். இல்லையாம். "மார்ச் வானம், கண்ணுக்கெட்டிய தூரம் பூ, மூடுபனியா மேகமா, மணம் வீசுகிறது, வா வா பார்க்கப் போகலாம்." அவ்வளவுதான். பிக்னிக் போகக் கூப்பிடுகிற பாட்டு.

ஆனால் கேட்டால் மனம் கனக்கிறதே, ஏன்? பேரனின் கீபோர்டில் உட்கார்ந்து தடவிப் பார்த்தேன். ஐந்தே ஸ்வரம். பாட்டு வந்து முடிகிற இடத்தை ஷட்ஜமமாக வைத்தால்: ஸ, சுத்த ரி, சுத்த ம, ப, சுத்த த. இது நமக்குத் தெரிந்த சங்கதிதான் ஐயா! கர்நாடக சுத்த சாவேரி. வடக்கே குணக்ரி என்பார்கள். இங்கே இதற்கு மியாகோ-புஷி என்று பெயர். சோகம் சொல்லில் இல்லை, அந்தச் சுத்த ரிஷபத்திலும் சுத்த தைவதத்திலும் இருக்கிறது.

ஆரம்பம் இப்படி:

ம ம ப – ம ம ப –
ம ப த ப – ம பம ரி –

முடிவு இப்படி:

ஸ ரி பம ரி – ஸ

ஒன்று கவனியுங்கள். நாம் பாடினால் அந்த ரியை ஆட்டாமல் விடமாட்டோம். இவர்கள் ஆட்டுவதே இல்லை. தூணில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. கமகம் இல்லாமல் இந்த ராகத்தைக் கேட்டால் எனக்கு முதலில் பல் கூசியது. இப்போது பழகிவிட்டது, காலையில் அதைத்தான் முனகிக்கொண்டு நடக்கிறேன்.

கவாகுச்சி_கண்ணன் | செவ்வாய், இரவு 9:30

சார்!! சின்ன வயசுல ஆறு வருஷம் பாட்டு கிளாஸ் போனேன், வர்ணத்தோட நிறுத்திட்டேன். நீங்க போட்ட ஸ்வரத்தை அப்படியே பாடிப் பாத்தேன். ரெண்டே நிமிஷத்துல ட்யூன் வந்துடுச்சு. யூடியூபை விட இது எனக்கு ஈசியா இருக்கு.

ஆனா இதை கரோக்கேல பாடினா குழந்தைப் பாட்டு பாடற மாதிரி இருக்காதா?

வத்சலா_டோக்கியோ | செவ்வாய், இரவு 10:15

இருக்கும். ஒரு நிமிடத்தில் முடிந்தும் போகும்.

ரேடியோ ஐயாவுக்கு ஒரு உபரித் தகவல்: டோக்கியோவைச் சுற்றி வரும் யமனோத்தே ரயில் தடத்தில் கொமாகொமே நிலையத்தில் ஒரு நாள் இறங்குங்கள். ரயில் புறப்படும்போது ஒலிப்பது "சகுரா சகுரா". சோமேய்-யோஷினோ மரத்தை முதலில் விற்ற தோட்டக்காரர்களின் சோமேய் கிராமம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. கதவு மூடுகிற அவசரத்தில் உங்கள் ம ம ப, ம ம ப.

பழைய_ரேடியோ | செவ்வாய், இரவு 10:40

நாளைக்கே போகிறேன். முதியோருக்கு நடைமேடையில் நின்று கேட்கத் தடை இல்லையே?

சப்போரோ_சேரன் | புதன், காலை 8:20

ஐயாவோட பதிவு என் கட்சிக்குத்தான் பலம். பழைய பாட்டுகள்ல அழுகை இல்ல. தாக்கி ரென்தாரோ 1900ல போட்ட "ஹனா" எடுத்துக்குங்க, சுமிதா ஆத்துல படகு, துடுப்புல தெறிக்கிற தண்ணி, கரையெல்லாம் பூ, மேஜர் ஸ்கேல், துள்ளிக்கிட்டுப் போகும். 1910ல வந்த "ஹரு கா கித்தா": "வசந்தம் வந்தாச்சு, எங்க வந்தாச்சு, மலைக்கு வந்தாச்சு, ஊருக்கு வந்தாச்சு, வயலுக்கும் வந்தாச்சு." இதுல எங்க சோகம்? பின்னாடி வந்ததுதான் எல்லாம்.

வத்சலா_டோக்கியோ | புதன், மதியம் 12:20

தாக்கியைச் சாட்சிக்கு அழைத்தீர்களே, அவரே அடுத்த வருடம், 1901இல், "கோஜோ நோ சுகி" போட்டார். இடிந்த கோட்டையின் மேல் நிலா, அங்கே ஒரு காலத்தில் நடந்த பூ விருந்து. அதைவிடச் சோகமான மெட்டு இந்த ஊரில் கிடையாது. அவரும் 1903இல் 23 வயதில் காசநோயில் போய்விட்டார்.

அதற்கும் முன்னால் ஆயிரம் வருடம் போங்கள். கொகின்ஷு தொகுப்பில் கி நோ தொமோனோரி கேட்கிறார்: ஒளி இதமாகப் பரவுகிற இந்த வசந்த நாளில் பூ மட்டும் ஏன் இப்படி நிலைகொள்ளாமல் உதிர்கிறது? நரிஹிரா இன்னும் ஒரு படி மேலே போய், உலகத்தில் சகுராவே இல்லாமல் இருந்தால் வசந்தத்தில் மனசு நிம்மதியாக இருந்திருக்கும் என்று சலித்துக்கொள்கிறார். அவர்களுக்கு எந்த ரெக்கார்டிங் கம்பெனி சேரன்?

சப்போரோ_சேரன் | புதன், மதியம் 12:48

சரி, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பாதி தோத்துட்டேன். ஆனா ஒண்ணு கவனிங்க அக்கா. தொமோனோரி பூவைப் பாத்துத்தான் வருத்தப்படறார். பூவை விட்டுப் போற நண்பனைப் பாத்து இல்ல. வகுப்புத் தோழன், ஸ்டேஷன், கைகாட்டறது, இதெல்லாம் உங்க ஏப்ரல் நாள்காட்டி கொண்டு வந்தது. ரெண்டும் வேற சோகம்.

வத்சலா_டோக்கியோ | புதன், மதியம் 12:55

இதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல பாயிண்ட்.

நடுவில் மூன்றாவதாக ஒரு சோகம் உண்டு, அதை யாரும் சொல்லவில்லை. போர்க்காலத்தில் "தோக்கி நோ சகுரா" என்று கடற்படைப் பயிற்சி மாணவர்கள் பாடிய பாட்டு. ஒரே வகுப்பில் பூத்த சகுராக்கள் நாம், பூத்தால் உதிரத்தான் வேண்டும், நாட்டுக்காக அழகாய் உதிர்வோம் என்று போகும். திரும்பி வராத வெடிகுண்டு விமானம் ஒன்றுக்கே "ஓகா", சகுராப் பூ, என்று பெயர் வைத்தார்கள். நான் முதலில் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டி ஹனாமிக்கு, அதாவது பூப் பார்க்க, வரவே மாட்டார். "எனக்கு ஊமே போதும்" என்பார். ஊமே என்றால் பிப்ரவரியில், குளிரிலேயே பூக்கிறது, சகுராவுக்கு முந்திய பூ. கொகின்ஷுவுக்கும் முந்திய மான்யோஷூ தொகுப்புக் காலத்துக் கவிஞர்களும் சகுராவைவிட அதைத்தான் அதிகம் பாடினார்கள். பாட்டி ஏன் அப்படிச் சொன்னார் என்று அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு இரண்டு அண்ணன்கள் இருந்திருக்கிறார்கள்.

யாழினி_ஒசாகா | புதன், மதியம் 1:30

அக்கா...

கவாகுச்சி_கண்ணன் | புதன், இரவு 9:05

இதெல்லாம் படிச்சிட்டு ஆபீஸ்ல ஜன்னல் வழியா அந்த மரத்தைப் பாக்கவே ஒரு மாதிரி இருந்தது. இன்னிக்கு எங்க வாசல் மரம் பாதி பூத்துடுச்சு.

சரி, கச்சோ கதைக்கு வர்றேன். "சகுராசாகா" மெதுவா இருக்கு, குரலும் எனக்கு ஒத்து வருது. எடுக்கலாமா?

வத்சலா_டோக்கியோ | புதன், இரவு 9:20

வேண்டவே வேண்டாம்! அது கைவிட்டுப் போன காதலியை நினைத்துப் பாடுவது. அதை கச்சோவைப் பார்த்து, கையில் மைக்கோடு, கண்ணை மூடிக்கொண்டு பாடினால் திங்கட்கிழமை முதல் ஆபீஸில் வேறு கதை ஓடும். (தலைப்பில் வருகிற அந்தச் சகுராச் சரிவு உண்மையான இடம். ஓத்தா வட்டத்தில் நுமாபே நிலையத்துப் பக்கம், மேலே சிவப்பாக ஒரு பாலம். பூ சமயத்தில் போய்ப் பாருங்கள், பாட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.)

சப்போரோ_சேரன் | புதன், இரவு 9:33

ஸ்பிட்ஸோட "செர்ரி"? 1996 ஏப்ரல். கச்சோ அப்போ 24, 25 வயசுல இருந்திருப்பார், கண்டிப்பா தெரியும். வரிகள்ல செர்ரியும் வராது சகுராவும் வராது, தலைப்புல மட்டும்தான். அழுகையும் இல்ல.

யாழினி_ஒசாகா | புதன், இரவு 9:41

சகுரா இல்லாத சகுரா பாட்டா? சேரனுக்கு ஏத்த பாட்டுதான், பனியில உக்காந்து பாடட்டும். 😄

ரெமியோரோமெனோட "மார்ச் 9"? நண்பனோட கல்யாணத்துக்கு எழுதின பாட்டு அது. 2005ல "ஒரு லிட்டர் கண்ணீர்" தொடர்ல வந்த பிறகு எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் பட்டமளிப்புப் பாட்டாயிடுச்சு. கல்யாணப் பாட்டை வெச்சு நாடே அழுதுக்கிட்டிருக்கு. இவ்வளவுதாங்க ஜப்பான்.

வத்சலா_டோக்கியோ | புதன், இரவு 10:10

பட்டமளிப்பு என்றதும் ஒன்று. என் மகள் நடுநிலைப் பள்ளி முடித்தபோது பாடியது "தபிதாச்சி நோ ஹி நி". அது எந்த நட்சத்திரமும் போட்டதல்ல. 1991இல் சைத்தாமா சிச்சிபுவில் காகெமோரி நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் வரிகள் எழுத, இசை டீச்சர் மெட்டுப் போட, அந்த வருடம் போகிற பிள்ளைகளுக்காக ஆசிரியர்களே மேடையேறிப் பாடியது. ஒரு தடவைக்கு என்று செய்தது. அங்கிருந்து பள்ளி பள்ளியாகப் பரவி நாடு முழுக்கப் போய்விட்டது. கண்ணன் தம்பி, உங்கள் மாநிலத்துப் பாட்டு! ஆனால் கூட்டாகப் பாட வேண்டியது, தனியாளுக்கு ஆகாது.

என் சிபாரிசு மோரியாமாதான். பிரிவுதான், ஆனால் "போய் வா, உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும், இந்த இடத்திலேயே மறுபடி சந்திப்போம்" என்கிற பிரிவு. கச்சோவுக்குப் பொருந்தும். மெதுவானது. உச்சத்தில் குரலை உடைத்து மேலே போகிற இடம் இருக்கிறது, அதற்கு ரிமோட்டில் கீயை நான்கு இறக்கிக்கொள்ளுங்கள். டாம், ஜாய்சவுண்ட் இரண்டு கரோக்கே இயந்திரங்களிலும் இருக்கிறது. கான்ஜி எழுத்துகளின் மேல் உச்சரிப்பு காட்டும் ஃபுரிகானா வரும், பயப்பட வேண்டாம்.

கவாகுச்சி_கண்ணன் | புதன், இரவு 10:22

முடிவு பண்ணிட்டேன் அக்கா. மோரியாமா, மைனஸ் 4. ரெண்டு நாள் இருக்கு, குளியலறையில ஆரம்பிக்கிறேன்.

மிகு_ரசிகன் | வியாழன், மாலை 5:10

யொருஷிகா "ஹரு தொரோபோ" பத்தி யாரும் பேசல. 2021. வசந்தத் திருடன்னு அர்த்தம். சகுரா உதிர உதிர "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு கெஞ்சற பாட்டு. என் தலைமுறைக்கு அதுதான். அப்புறம் ஃப்ரீரென் அனிமே ஓப்பனிங் "ஹரு"வை வசந்தம்னு நெனச்சு இங்க யாராவது போட்டுடாதீங்க. அது வானம் வெளுக்கிற ஹரு, எழுத்து வேற. சகுராகிச்சோவுக்கப்புறம் நான் உஷாராயிட்டேன்.

பழைய_ரேடியோ | வியாழன், இரவு 8:00

கொமாகொமே போய் வந்தேன். ஆறு ரயிலை விட்டுவிட்டு நின்றேன். முழுப் பாட்டு வருவதற்குள் கதவை மூடிவிடுகிறார்கள். ஐந்தாவது ரயிலில் நிலையக் காவலர் வந்து, வழி தவறிவிட்டீர்களா என்று பணிவாகக் கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னேன்: "சகுரா." அவர் தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

கவாகுச்சி_கண்ணன் | சனி, காலை 11:48

நேத்து நடந்ததைச் சொல்றேன்.

என் முறை மூணாவது. எனக்கு முன்னாடி இருந்தது போன வருஷம் சேர்ந்த பையன். மைக்கை வாங்கினான், திரையில தலைப்பு வந்துச்சு. "சகுரா", தனிக்குரல். நான் ரெண்டு நாள் குளிச்சதெல்லாம் வீண். அவன் கீயைக் கூட இறக்கல. அந்த உச்சத்துக்கு அப்படியே போனான். கச்சோ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டார். அழ வைக்கக் கூடாதுன்னு நான் நெனச்சிருந்தேன், வேற ஆள் வெச்சுட்டான்.

அடுத்தது நான். ரிமோட்டை வெச்சுக்கிட்டு முழிக்கிறேன். வேற ஒண்ணும் தெரியாது. "மெஷின் வேணாம்"னு சொல்லிட்டு "சகுரா சகுரா" ஆரம்பிச்சேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க, குழந்தைப் பாட்டாச்சே. வரி முழுசும் ஒரு தடவை பாடி முடிச்சதும் ஒரு நிமிஷம்கூட ஆகல, எல்லாரும் இன்னும் எதிர்பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. எனக்கு என்ன தோணுச்சோ, ரேடியோ சார் போட்ட ஸ்வரத்தை எடுத்து விட்டேன். ம ம ப, ம ம ப. கை தன்னால தொடையில ஆதி தாளம் போட ஆரம்பிச்சுடுச்சு. ரெண்டாவது சுத்துல அந்த ரியைக் கொஞ்சம் ஆட்டினேன். மன்னிச்சுக்குங்க சார், முடியல. ரூமே கப்சிப்.

முடிஞ்சதும் கச்சோ கேட்டார், "இந்த மம்மப்பா எந்த ஊர்ப் பாஷை?" ஏழு ஸ்வரம், இதுல அஞ்சுதான் வருதுன்னு எனக்குத் தெரிஞ்ச ஜப்பானிஸ்ல விளக்கினேன். அவங்கம்மா கோத்தோ டீச்சராம். வீட்டுக்கு வர்ற பிள்ளைங்களுக்கு முதல்ல கத்துக் கொடுத்ததே இந்தப் பாட்டுதானாம். மூணு வருஷமா எதிர் மேஜையில உக்காந்திருக்கார், இது எனக்குத் தெரியாது. பாக்கெட்ல இருந்து குட்டி நோட்டை எடுத்து, கத்தகானாவுல "மா மா பா" எழுதிக்கிட்டார். மொத்தப் பாட்டுக்கும் வேணுமாம். அம்மாவுக்குப் போன்ல பாடிக் காட்டணுமாம்.

"மிவத்தாசு ககிரி" வர்ற வரிக்கு எனக்கு ஸ்வரம் சரியா வரல, கீழ போகுது. சார், அதை மட்டும் போட்டுடுங்க. செவ்வாய்க்கிழமை அவர் கிளம்பறார்.

யாழினி_ஒசாகா | சனி, காலை 11:55

ரெண்டரை வருஷம்னு முதல் பதிவுல போட்டீங்க, இப்ப மூணு வருஷம்னு சொல்றீங்க. கச்சோ போறதுல கணக்கே மறந்துடுச்சா? 🌸

பழைய_ரேடியோ | சனி, மதியம் 12:30

ரியை ஆட்டியதற்கு மன்னிப்பு எதற்கு? நானும் நடைமேடையில் ஆட்டினேன்.

மிவத்தாசு ககிரி: ஸ, கீழ் த, ஸ, ரி – ஸ, ஸ-கீழ் த, கீழ் ப.
"கசுமி கா குமோ கா" திரும்ப ம ப த ப – ம பம ரி.
"நியோய் ஸோ இசுரு" மறுபடி அதே ஸ, கீழ் த, ஸ, ரி.

அந்தக் கீழ்ப் பஞ்சமத்தில் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள் கச்சோவை. அவர் அம்மாவுக்கு அது புரியும்.